ஆட்டைத் திருப்பி அனுப்பிய அக்காவுக்கு

பலியின் பொருளைப் பழுதறப் பயிற்றுவித்த பெருந்தகையே! கிருபாசனத்தின் கீர்த்தியைக் கிர்கிஸ் மண்ணின் மொழியில் கேட்போர் நெஞ்சில் கிளர்ந்தெழச் சொன்ன ஆசிரியையே! நாவில் நெருப்பும் நெஞ்சில் நேர்மையும் நிறைந்து, நரைத்த பின்னலும் நிமிர்ந்த நடையுமாய் நம் வேதாகமப் பள்ளியின் நடுமுற்றத்தை நாளும் அளந்த நல்லாளே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய புருல்சா அக்கா அவர்களே! வாழ்க! வாழ்க!

அப்பாடா. மேலே உள்ள பத்தியை முதல்வர் ஷர்ஷென் ஐயா எழுதினார். பணி ஓய்வுப் பாராட்டு மடல் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டுமாம், இல்லாவிட்டால் சட்டம் போட்டு மாட்டினாலும் சுவரில் நிற்காதாம். மீதியை எழுதும் பொறுப்பு, கிரேக்கம் கற்பிக்கும் எசென் ஆகிய என் தலையில் விழுந்தது. விழுந்த சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கிறது. உடனே ஆசிரியர் அறைக்கு வந்து, என் மேசைமேல் கையூன்றி நின்று சொன்னீர்கள்:

"டேய் எசென், என்னைப் புனிதவதி ஆக்கி எழுதினேன்னு வை, மேடைக்கே வந்து தாளைக் கிழிச்சுப் போட்டுருவேன். நடந்ததை எழுது. நான் கல்லா நின்னதையும் சேர்த்து எழுது."

ஆகவே அக்கா, இனி வருவதெல்லாம் உங்கள் உத்தரவின்படி எழுதியது. யாராவது முகம் சுளித்தால் உங்களிடமே முறையிடட்டும்.

ஆயிப் என்னும் ஒரு சொல்லுக்குள் ஆகமம் முழுவதையும் அடக்கிக் காட்டிய அறிஞரே! கால் நூற்றாண்டாக நீங்கள் நடத்திய 'பலியும் பாவநிவாரணமும்' என்ற பாடத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'புருல்சாவிடம் மாட்டிக்கொள்ளுதல்' என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இலையுதிர் காலத்தில் முதல் வகுப்பு. உலர்ந்த தயிருருண்டை ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உள்ளே நுழைவீர்கள். வணக்கமும் கிடையாது, ஜெபமும் பிறகுதான்.

"பக்கத்து வீட்டுக்காரன் பசு மாட்டை நீ கொன்னுட்டே. இப்ப என்ன செய்வே?"

"ஆயிப் கொண்டு போவோம் அக்கா" என்று வகுப்பே பாடும்.

"ஆயிப்னா என்ன? நீ செஞ்ச குத்தமா, குத்தத்துக்குக் கொண்டு போற ஆடா?"

இரண்டும்தான் என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குச் சற்று நேரம் ஆகும். நம் மொழியில் குற்றத்துக்கும் ஆயிப் என்றே பெயர், அதைத் தீர்க்கக் கட்டி இழுத்துப் போகும் மிருகத்துக்கும் ஆயிப் என்றே பெயர். "எபிரெயத்துலயும் இதே கதைதான்" என்பீர்கள். "குத்தத்துக்கும் குற்றநிவாரண பலிக்கும் அங்கேயும் ஒரே சொல். அதனால நீங்க பாதிப் பாடத்தை அம்மா வயித்துலயே படிச்சிட்டு வந்துட்டீங்க. மீதிப் பாதிதான் தொண்டையில சிக்கும். நம்ம ஊர்ல குத்தம் செஞ்சவன் ஆட்டைக் கொண்டு வருவான். இங்கே என்னடான்னா, குத்தத்தால அடிபட்டவரே பலியைக் கொண்டு வர்றார். தன்னையே கொண்டு வர்றார். உங்க சித்தப்பன் பெரியப்பன்கிட்ட போய்ச் சொல்லுங்க, விழுந்து விழுந்து சிரிப்பாங்க. சிரிக்கட்டும், விடாம சொல்லுங்க."

பாவநிவாரண நாளை விளக்க நீங்கள் நடத்திய நாடகத்தையும் யாரும் மறக்கவில்லை. ஷர்ஷென் ஐயா பிரதான ஆசாரியன். சமையற்கட்டு அனிபா பலியாகும் கடா. பாவத்தைச் சுமந்து பாலைவனத்துக்கு ஓட வேண்டிய இரண்டாம் கடா நான். என் வழுக்கைத் தலையில் ஐயா கை வைத்தபோது, "கொம்பு இல்லாத ஆடு, செல்லுமா செல்லாதான்னு ஆசாரியர்தான் சொல்லணும்" என்று நீங்கள் சொன்னதும், அனிபா செத்துக் கிடக்க வேண்டியவள் எழுந்து உட்கார்ந்து சிரித்ததும் இந்தப் பள்ளியின் வரலாறு.

மகனை ஈன்று மாண்புற வளர்த்த மாதரசியே! இந்தப் பகுதியை எழுத மனமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மீர்லான் உங்கள் ஒரே பிள்ளை. உங்கள் வீட்டு விருந்துக்கு வரும்போதெல்லாம் எங்கள் கைகளுக்கு அவன்தான் தண்ணீர் ஊற்றுவான். வீட்டுப் பிள்ளைக்குரிய வேலை அது. கிண்டியும் பேசினுமாக ஒவ்வொருவர் முன்பும் குனிந்து வருவான். எல்லோருக்கும் வெதுவெதுப்பான நீர், எனக்கு மட்டும் கிணற்றுக் குளிர். "கிரேக்கக்காரங்களுக்குக் குளிர் தெரியாதுன்னாங்களே அண்ணே" என்பான், போக்கிரி.

ஒரு குளிர்காலத்தில் அவன் உங்கள் சொந்த ஊரான ஆத்-பாஷிக்குக் கிளம்பினான், அங்கே விட்டிருந்த தன் செம்பழுப்புப் பெண்குதிரையைப் பார்த்து வர. ஓட்டியவன் நம் பள்ளி ஓட்டுநர் கெமெல். இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். தோலோன் கணவாயில் பனி உறைந்திருந்தது. சக்கரத்தில் கட்டும் சங்கிலி வண்டியின் பின்னால்தான் கிடந்தது. கட்டிவிடலாம் என்று மீர்லான் சொன்னான். இறங்கினால் கை விறைக்கும், மேலே போய்ச் சூடாகத் தேநீர் குடிக்கலாம் என்று கெமெல் சொன்னான். வண்டி சறுக்கியது. கெமெல் தப்பினான். மீர்லான் தப்பவில்லை. சங்கிலி கட்டாததைக் கெமெலே எல்லோரிடமும் சொன்னான், யாரும் கேட்காமலே சொன்னான்.

முறைப்படி கெமெலின் பெரியப்பா உறவினரோடு உங்கள் வாசலுக்கு வந்தார். தலை குனிந்து, ஆயிப் குதிரையின் கடிவாளத்தை உங்கள் முன் நீட்டினார். அதைக் கையில் வாங்கினால் சமாதானம். வாங்காவிட்டால் பகை.

நீங்கள் வாங்கவில்லை.

பலியும் பாவநிவாரணமும் படித்த நாங்கள் எல்லோரும் கூடிப் பேசி, உங்களிடம் தூது வந்தோம். "அக்கா, குதிரையை வாங்கிக்குங்க, பிள்ளைக்கு விலையா யாரும் நினைக்க மாட்டாங்க" என்று ஷர்ஷென் ஐயா குழைந்து குழைந்து சொன்னார். நீங்கள் சொன்ன பதிலை உங்கள் உத்தரவின்பேரில் அப்படியே எழுதுகிறேன்.

"விலைன்னு நினைச்சு நான் மறுக்கலை ஐயா. அதை வாங்கினா அவன் நிம்மதியாத் தூங்கிடுவான். அவன் தூங்கக் கூடாது."

நாங்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். வேறென்ன செய்ய?

அதற்கு முன்பே ஒரு சொல்லும் நின்றுபோயிருந்தது. அய்லனாயின் என்ற சொல் இந்த நாட்டில் யார் வாயில்தான் வராது? கடைக்காரி மிச்சம் கொடுக்கும்போது சொல்வாள், பேருந்தில் இடம் கேட்கும் கிழவி சொல்வாள், நாமெல்லாம் 'கண்ணு', 'ராசா' என்கிற பாங்கில் சொல்லிக்கொண்டே இருப்போம். உன்னைச் சுற்றி வருகிறேன், உன் நோவெல்லாம் என்னைச் சேரட்டும் என்று அதற்குப் பொருள். உங்கள் வாயில் அது நெற்பொரியாய்ப் பொரிந்துகொண்டிருந்த சொல். மீர்லானை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு யாரிடமும் நீங்கள் அதைச் சொல்லவில்லை. ஒரு மாணவி முதற்பரிசு வாங்கியபோதுகூட "நல்லது, உட்காரு" என்றீர்கள். அனிபா அன்று சமையற்கட்டில் அழுதாள்.

கெமெல் வண்டிச் சாவியை என் மேசையில் வைத்துவிட்டு, பள்ளியைச் சூடாக்கும் கொதிகலன் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். வேலையை விட்டு அனுப்ப ஷர்ஷென் ஐயாவுக்கு மனமில்லை. அதனால் அவன் கொதிகலன் பணியாளர் ஆனான். எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் 'கெமெல், கொதிகலன் பணியாளர்' என்றே எழுதினான், ஓட்டுநர் என்று தவறிக்கூட எழுதவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. இடுப்பு வாரில் ஆணியால் புதுத் துளை போட்டுக்கொண்டான். இவன் அடுத்த குளிர்காலம் பார்க்க மாட்டான் என்று நாங்கள் நினைத்தோம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

குதிரை திரும்பிப் போனதும் அவன் ஓர் ஆட்டைக் கொண்டு வந்து உங்கள் வாசற்கம்பத்தில் கட்டினான். காலையில் நீங்கள் அவிழ்த்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி, அவன் வீட்டுக்கு ஓட்டிவிட்டீர்கள். மாலையில் மறுபடி கட்டினான். காலையில் மறுபடி ஓட்டினீர்கள். இரண்டு வீட்டிலும் தீனி கிடைத்ததால் ஆடு கொழுத்தது, பையன் இளைத்தான். தெருப் பிள்ளைகள் அதற்குத் தபால்காரர் என்று பெயர் வைத்து, "தபால் வருது, தபால் வருது" என்று பின்னாலேயே ஓடினார்கள். கடைசியில் கட்டவும் வேண்டாம், ஓட்டவும் வேண்டாம், நேரமானால் தானே கிளம்பிவிடும் என்ற நிலைக்கு அந்த ஆடு வந்துவிட்டது. சிரிப்புத்தான், ஆனால் அந்தத் தெருவில் பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

வார்த்தையில் வல்லவரே, வகுப்பில் வாயடைத்து நின்றவரே! இளவேனிலில் ஒரு காலை. அன்று உங்கள் வகுப்பின் பின்பெஞ்சில் நானும் இருந்தேன், முதல்வர் அனுப்பியிருந்தார், உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க. ஆண்டுதோறும் செலுத்தியும் தீராத பழைய பலிகளையும், ஒரே தரம் செலுத்தித் தீர்ந்த பலியையும் பற்றிப் பாடம். பலகையில் எழுதிக்கொண்டிருந்தீர்கள். சன்னலுக்கு வெளியே அந்த ஆடு போனது. வழக்கமான வழியில், வழக்கமான நேரத்தில், ஒரு காலை இழுத்து இழுத்து. முன்பு கட்டிய கயிறு உரசி முழங்காலில் புண்.

சுண்ணக்கட்டி கையில் இருக்க, அப்படியே நின்றீர்கள்.

"தினமும் போயி தினமும் திரும்பி வர்றது பலியே இல்ல" என்றீர்கள், யாரையும் பார்க்காமல். "அது வெறும் நடை." பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தீர்கள். "அடிபட்டவதான் கொண்டு வரணும்னு வருஷம் வருஷமாக் கத்துறேன். இங்கே அடிபட்டவ நான். நடக்கிறது அந்த ஆடு. எனக்கு வெக்கமா இல்ல?"

சுண்ணக்கட்டியைப் பலகை விளிம்பில் வைத்தீர்கள்.

"அவனைப் பார்த்தா இன்னும் கல்லெடுத்து அடிக்கணும்னுதான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். மனசு வர்றப்ப வரட்டும், நான் முன்னாடி போறேன்" என்று சொல்லிவிட்டு வகுப்பைப் பாதியில் விட்டு வெளியேறினீர்கள். கால் நூற்றாண்டில் அந்த ஒரு முறைதான்.

அக்கா, உங்களை மன்னிப்பின் மறுவடிவம் என்றெல்லாம் வருணிக்க ஷர்ஷென் ஐயா ஆசைப்பட்டார். நான் வெட்டிவிட்டேன். உங்களுக்கு அன்று மன்னிக்க மனம் வரவில்லை. முடிவு மட்டும் வந்திருந்தது. அதைத்தான் நாங்கள் கண்ணாரக் கண்டோம், அதைத்தான் பாராட்டுகிறோம்.

மீர்லானின் நினைவு விருந்துக்கு ஆத்-பாஷியிலிருந்து அவனுடைய செம்பழுப்புக் குதிரையை வரவழைத்தீர்கள். உங்கள் கையால் அதன் பிடரியைத் தடவிக் கொடுத்துவிட்டு, நம் வழக்கப்படி விருந்துக்கு அறுக்கச் சொன்னீர்கள். அப்போது உங்களுக்கு என்ன ஆயிற்று என்பதை நாங்கள் பார்த்தோம், எழுத மாட்டேன். பிறகு கெமெலையும் அவன் பெரியப்பாவையும் உறவினரையும் அழைத்தீர்கள். முற்றத்தில் விரிப்பு போட்டு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். கெமெல் உட்காரவில்லை. வாசலோடு நின்றான், பக்கத்தில் அந்த ஆடு.

நீங்கள் வீட்டுக்குள் போய்க் கிண்டியையும் பேசினையும் எடுத்து வந்து அவன் கையில் திணித்தீர்கள். "என்ன மரம் மாதிரி நிக்கிறே? எல்லாருக்கும் பசிக்குது. கைக்குத் தண்ணி ஊத்து."

பெரியப்பா துள்ளி எழுந்துவிட்டார். "விருந்துன்னு கூப்பிட்டுட்டு எங்க பிள்ளையை எடுபிடி ஆக்குறீங்களா? குதிரை கொடுத்தோம், வாங்கலை. ஆடு கொடுத்தோம், வாங்கலை. அவமானம்தான் வேணும்னா சொல்லுங்க, மொத்தக் கூட்டமும் வந்து மண்டி போடுறோம்!" உறவினரும் எழுந்தார்கள். உள்ளதைச் சொல்கிறேன், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பட்டம் வாங்கிய மண்டைகள் அத்தனையும் அப்படித்தான் நினைத்தன. ஷர்ஷென் ஐயா கண்ணை மூடிக்கொண்டார்.

"உட்காருங்க பெரியவரே" என்றீர்கள். குரல் உயரவில்லை. "என் வீட்ல விருந்தாளிக்கு யார் தண்ணி ஊத்துவா? வேலைக்காரனா? வீட்டுப் பிள்ளை ஊத்துவான். எனக்கு இருந்தது ஒண்ணு. இப்ப யாரு ஊத்துறது, நீங்களே சொல்லுங்க."



"அப்ப ஆயிப்?" என்று பெரியவர் நின்றபடியே கேட்டார். "காரியத்தை முடிக்க வேண்டாமா?"

"முடிஞ்சிருச்சு. அறுத்தாச்சு. இழந்தவ நான், அறுத்ததும் நான், அறுத்தது என் பிள்ளையோட குதிரை. இனி உங்ககிட்ட நான் வாங்க ஒண்ணுமே இல்ல. சோறு ஆறுது, உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். கெமெல் சுற்றி வந்தான். ஒவ்வொருவர் முன்பும் குனிந்து, எல்லோர் கைக்கும் நீர் ஊற்றி, வட்டம் முழுவதும் வந்து கடைசியில் உங்கள் முன் மண்டியிட்டான். கிண்டி அவன் கையில் கடகடவென்று ஆடியது. பாதி நீர் உங்கள் சட்டைக் கையில் கொட்டியது. 

"அய்லனாயின்" என்றீர்கள். "மெதுவா ஊத்து."

அவ்வளவுதான். அந்தப் பெரியவர் குலுங்கிக் குலுங்கி அழுததை முதன்முதலில் பார்த்தவன் நான். இரண்டாவதாக அழுதவன் யார் என்று கேட்காதீர்கள். அன்று கெமெல் இரண்டு தட்டுச் சாப்பிட்டான். அனிபா மூன்றாவதும் வைத்தாள்.

ஆட்டை அறுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டு, ஆயிப் என்றே பெயரும் வைத்து உங்கள் தோட்டத்தில் விட்டீர்கள். "குத்தம் மேஞ்சுக்கிட்டு இருக்கு, விடுங்க" என்பீர்கள். இந்த நாட்டில் முதுமையில் சாகப்போகும் ஒரே ஆடு அதுதான் என்று எங்கள் எண்ணம்.

அருளுரை ஆயிரம் ஆற்றி, அடம்பிடித்தலில் அனைவரையும் வென்ற ஆசிரியையே! இன்று நீங்கள் ஓய்வு பெற்று, விருந்து முடிந்த கையோடு ஆத்-பாஷிக்குப் போகிறீர்கள், தோலோன் கணவாய் வழியாக. நாங்கள் ஏற்பாடு செய்த வாடகைக் காரை நேற்றே திருப்பி அனுப்பிவிட்டீர்கள். ஆட்டை அனுப்பிய அதே தட்டு, அதே தோரணை. "கெமெல் ஓட்டினாப் போறேன். இல்லேன்னா திங்கக்கிழமை வகுப்புக்கு வந்துருவேன், எனக்குப் பதிலா வந்த பிள்ளை எங்கேயாவது உட்காரட்டும்" என்றீர்கள். கெமெல் இன்றுவரை வண்டியைத் தொடவில்லை. உங்களுக்கு மகனாக வீட்டுக் கூரையை மாற்றினான், விறகு பிளந்தான், உங்கள் முழங்காலுக்கு மருந்து வாங்கி வந்தான். வண்டிப் பக்கம் மட்டும் போகவில்லை. அவனிடம் நீங்கள் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. "நான் முன்னால உட்காருவேன். நீ பயப்படு, ஆனா ஓட்டு" என்று மட்டும் சொன்னதாக அனிபா சொல்கிறாள்.

எங்கள் வாழ்த்து இதுதான், அக்கா. உங்கள் முழங்கால் வலி குறையட்டும், நாவின் கூர்மை குறையாமல் இருக்கட்டும். ஆத்-பாஷியின் மலைக்காற்றில் உங்கள் நாட்கள் நீண்டு, நெஞ்சு லேசாகி, நல்ல உறக்கம் வாய்க்கட்டும். ஒரே தரம் செலுத்தி எல்லாவற்றையும் தீர்த்தவர் உங்கள் வீட்டு வாசலிலும் வந்து அமரட்டும். எங்களைத் திட்டத் தோன்றும்போதெல்லாம் தொலைபேசியில் தவறாமல் அழையுங்கள்.

அச்சடித்த மடல் மேலே முடிந்துவிட்டது. கீழே உள்ளதை இன்று காலை பேனாவால் சேர்த்திருக்கிறேன். சட்டம் போடுபவர் கதவருகே நின்று முறைக்கிறார், நிற்கட்டும்.

எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. கெமெல் மட்டும் வரவில்லை. கடைசியில் வந்தான், கையெல்லாம் கொதிகலன் கரி.

"எசென் அண்ணே, சங்கிலி எங்கே வச்சிருக்கீங்க?"

"எந்தச் சங்கிலி?"

"சக்கரத்துக்குக் கட்டுறது."

"டேய், ஜூன் மாசம்டா! கணவாயில பனி ஏது? புல்லு முளைச்சுப் பூப்பூத்துக் கிடக்கு!"

"தெரியும்ணே. வண்டியில இருக்கணும்."

எடுத்துக் கொடுத்தேன். கொண்டு போய் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தான். ஆடும் கூட வருகிறதாம், பின்னிருக்கையில் வைக்கோல் போட்டாயிற்றாம். பிறகு பேனாவை வாங்கினான்.

இங்ஙனம்,
உங்களிடம் மாட்டிக்கொண்டு மனிதரான பள்ளிப் பணியாளர்கள்,

ஷர்ஷென், முதல்வர்
எசென், கிரேக்க ஆசிரியர்
அனிபா, சமையற்கட்டு
கெமெல், ஓட்டுநர்